1911-ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவமும் கல்லூரி வரலாறும்

முன்னுரை

நம் நாட்டுக் கல்லூரிகளின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் எழுதப்பட்டுள்ளன. நிறுவப்பட்ட ஆண்டு, நிறுவியவர் பெயர், முதல்வர்களின் வரிசை, பாடத்திட்டத்தின் வளர்ச்சி, தேர்ச்சி பெற்றோர் தொகை, புகழ் பெற்ற பழைய மாணவர் ஆகிய இவையே அவற்றின் உறுப்புகள். வகுப்பு முடிந்து மணி அடித்த பின் மாணவர் என்ன செய்தனர் என்பதற்கு அவ்வரலாறுகளில் ஒரு பக்கம் கிடைத்தால் அதுவே அரிது. விளையாட்டுக் கோப்பைகளின் பட்டியல் ஒன்று பின்னிணைப்பாகத் தரப்பட்டிருக்கும். அவ்வளவே.

இக்குறை சிறிதன்று என்று யாம் கருதுகிறோம். கல்லூரி மாணவனுக்குக் கற்பித்தவற்றுள் சில, விரிவுரை மன்றத்தில் அன்றி ஆடுகளத்திலேயே கற்பிக்கப்பட்டன. அவற்றின் பயன் கல்லூரிக்கு வெளியே, நாட்டின் பொது வாழ்வில் புலப்பட்டது. இதனை மெய்ப்பிக்கத்தக்க சிறந்த சான்று, 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற கால்பந்துப் பருவம். அவ்வாண்டு ஜூலை 29-ஆம் நாள், மோகன் பாகன் என்னும் இந்தியக் கழகம், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே.

மோகன் பாகன் கல்லூரி அணி அன்றே, அது கல்லூரி வரலாற்றில் இடம்பெறுவது எங்ஙனம் என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வெற்றியை வெறுங்காலுக்கும் நாட்டுப்பற்றுக்கும் உரியதாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முப்பது ஆண்டுக் காலம் கல்லூரிகள் இட்ட அடித்தளத்தையும், அவ்வடித்தளம் கல்லூரி மதிலைக் கடந்த பின்னரே பயன் தந்தது என்பதையும் ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வோம்.

பந்தும் பருவமும்

பந்தாட்டம் தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் மகளிர் பந்தாடுவது பல இடங்களிற் சுட்டப்படுகிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்னும் பகுதியே உண்டு. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் பந்தடியின் வகைகளைக் கொங்குவேளிர் விரித்துரைக்கிறார். ஆயினும் இவ்விலக்கியங்களில் நாம் காணும் பந்தாட்டம் பெரும்பான்மையும் மகளிர் ஆட்டம்; கையால் அடித்தும் எறிந்தும் ஆடுவது; ஒருத்தியின் திறனையும் எழிலையும் காட்டுவது. இரு கட்சியாகப் பிரிந்து மோதும் ஆட்டங்களும் நம்மிடையே இருந்தன. சடுகுடு அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

எனவே, ஐரோப்பியர் நமக்குக் கொணர்ந்தது பந்தும் அன்று. கட்சி கட்டி ஆடும் முறையும் அன்று. அச்சிட்ட விதி, இரு கட்சியாரும் கட்டுப்படும் நடுவர், வரையறுத்த ஆட்ட நேரம், ஆண்டுதோறும் குறித்த காலத்தில் வந்து முடியும் போட்டித் தொடர் என்னும் நான்குமே அவர்கள் கொணர்ந்தவை. 1863-இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்து விதிகள் வகுக்கப்பட்டன. அதற்கு முன்னரே இங்கிலாந்தின் பள்ளிகளும் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக மாணவரும் தத்தமக்கென விதி எழுதி ஆடி வந்தனர். கால்பந்தின் விதி மாணவர் கையிலேயே உருப்பெற்றது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாட்டத்தின் பெயரும் சிறிது ஆராயத்தக்கது. தமிழகத்தில் இதனைக் கால்பந்து என்கிறோம். மலேசியத் தமிழரும் சிங்கப்பூர்த் தமிழரும் புணர்ச்சி விதி வழுவாது காற்பந்து என்று எழுதுகின்றனர். ஈழத்தமிழர் உதைபந்தாட்டம் என்று வழங்குகின்றனர். முன்னைய இரண்டும் ஆங்கிலப் பெயரின் நேர் ஆக்கம். பின்னையது ஆட்டத்தின் செயலைக் கண்டு இட்ட பெயர். ஒரே ஆட்டம் மூன்று நிலங்களில் மூன்று வடிவாய்ப் பெயர் பெற்றிருப்பது, அது ஒவ்வோரிடத்தும் தனித்தனியே வேர் கொண்டமையைக் காட்டும்.

பருவம் என்னும் சொல்லும் அத்தகையதே. தமிழ் இலக்கணத்தில் பெரும்பொழுது ஆறு. அவற்றுள் கார்காலம் முல்லைக்கு உரியது; வினைமேற் சென்ற தலைவன் மீளும் காலம் அது. கல்கத்தாவின் கால்பந்துப் பருவமும் மழைக்காலத்தை ஒட்டியே அமைந்தது. கோடையின் கடுமை குறைந்து மண் நெகிழும் மாதங்களே இவ்வாட்டத்திற்கு ஏற்றவை. ஆனால் கார்காலம் இயற்கை தருவது. கால்பந்துப் பருவம் மாந்தர் வகுத்தது. இன்ன நாளில் இன்னாரோடு ஆட்டம் என்று அச்சிட்டு அறிவித்து, தோற்றவர் வெளியேற வென்றவர் மேற்செல்லும் முறையில் அது நடந்தது. கால அட்டவணைக்கு உடம்பையும் உள்ளத்தையும் ஒருங்கு பழக்கும் இவ்வொழுங்கை நம் இளைஞர் முதலில் எங்கே கற்றனர்? கல்லூரியிலேயே கற்றனர்.

கல்லூரி வாயிலில்

வங்காளத்தில் இந்தியர் கால்பந்து ஆடத் தொடங்கிய வரலாறு நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் மாணவரிடமிருந்து தொடங்கப் பெறுகிறது. 1877-ஆம் ஆண்டளவில், சிறுவராயிருந்த அவர் தம் அன்னையுடன் வண்டியிற் செல்லும்போது ஐரோப்பியர் மைதானத்தில் ஆடக் கண்டார் என்றும், தம் அருகில் வந்து வீழ்ந்த பந்தை உதைத்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். பின்னர் ஹேர் பள்ளியில் உடன்பயின்ற தோழரைச் சேர்த்துப் பந்து ஒன்றை வாங்கினார். அவர்கள் வாங்கியதோ முட்டை வடிவான ரக்பிப் பந்து. அவர்கள் அதனை வைத்து ஆடுவதைப் பிரசிடென்சிக் கல்லூரி ஆசிரியர் ஸ்டாக் என்பவர் கண்டார். இருவகை ஆட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைத்து, உருண்டைப் பந்தும் பெற்றுத் தந்து, ஆடும் முறையையும் கற்பித்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் காணத்தக்கது யாது? மைதானத்தில் ஆடிய ஐரோப்பியப் படைவீரரும் வணிகரும் இந்தியச் சிறுவர்க்கு ஆட்டத்தைக் காட்டினர், கற்பிக்கவில்லை. கற்பித்தவர் ஆசிரியர். வேடிக்கை பார்த்தல் வேறு, விதி அறிந்து ஆடுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக நின்றது கல்வி நிலையமே.

அதன் பின் இவ்வாட்டம் கல்லூரிகளில் விரைந்து பரவியது. பிரசிடென்சிக் கல்லூரி, சிப்பூர்ப் பொறியியற் கல்லூரி, புனித சவேரியார் கல்லூரி முதலியவற்றில் அணிகள் தோன்றின. 1890 முதல் 1895 வரை வங்காளத்தின் துணை ஆளுநராயிருந்த சார்லஸ் எலியட்டின் பெயரால் கல்லூரிகளுக்கிடையே கேடயப் போட்டியும் ஏற்பட்டது. தேர்வுக்கு ஒரு பருவமும் ஆட்டத்திற்கு ஒரு பருவமும் எனக் கல்லூரி ஆண்டு இருபாற்பட்டது.

மணிதாஸ் செய்தி

கல்லூரி கற்பித்தது என்பதனால் கல்லூரி எல்லார்க்கும் திறந்திருந்தது என்று கருதுதல் கூடாது. அக்காலக் கல்லூரி மாணவர் பெரும்பாலும் மேற்குலத்தார். கட்டணம் செலுத்த வல்லோர். அவர்கள் தொடங்கிய விளையாட்டுக் கழகங்களிலும் அவ்வேலி தொடர்ந்தது.

சர்வாதிகாரி 1880-களில் அமைத்த கழகங்களுள் ஒன்று வெல்லிங்டன் கழகம். அக்கழகத்தில் மணிதாஸ் என்னும் இளைஞரைச் சேர்க்க அவர் விரும்பினார். மணிதாஸ் குயவர் ஒருவரின் மகன். உறுப்பினர் பலர் அதற்கு உடன்படவில்லை. குலத்தை முன்னிட்டு ஒருவரை விலக்கும் கழகத்தில் தமக்கு இடமில்லை என்று கருதிய சர்வாதிகாரி அக்கழகத்தையே கலைத்துவிட்டார். பின்னர்ச் சோவாபஜார் கழகத்தை நிறுவினார். மணிதாஸ் அதில் இடம்பெற்றார்.

கால்பந்து வரலாறுகளில் இச்செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. யாம் இதனை ஒரு திருப்புமுனை என்றே கொள்கிறோம். சோவாபஜார் கழகமே 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவின் அணியை வென்றது. ஐரோப்பியப் படை அணி ஒன்றை இந்தியர் வென்ற தொடக்க வெற்றிகளுள் அது தலையாயது. 1893-இல் இந்தியக் கால்பந்துச் சங்கம் (ஐ.எஃப்.ஏ.) அமைந்து கேடயப் போட்டியைத் தொடங்கியபோது, அதிற் பங்குகொண்ட ஒரே இந்திய அணியும் அதுவே. குலவேலியைக் கடந்த கழகம் படை அணியை எதிர்கொண்டு நிற்க முடிந்தது. திறனை அளவுகோலாகக் கொள்ளும் ஆடுகளத்தில் பிறப்பை அளவுகோலாகக் கொள்வார் தம் வலிமையைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கழகமும் ஆசிரியரும்

மோகன் பாகன் கழகம் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வடகல்கத்தாவில் தோன்றியது. முதல் தலைவர் வழக்கறிஞர் பூபேந்திரநாத் போஸ். பின்னர் 1914-இல் காங்கிரசுப் பேரவைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. கழகத்தின் முதல் ஆண்டு விழாவிற்குத் தலைமை தாங்கியவர் பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ரோ என்பவர். மோகன் பாகன் ஸ்போர்ட்டிங் கிளப் என்று அதுவரை வழங்கிய பெயரை அவர் ஆராய்ந்தார். வேட்டையும் தூண்டிலிடுதலும் இக்கழகத்தாரின் தொழில் அல்லவாதலின், ஸ்போர்ட்டிங் என்பதை விடுத்து அத்லெடிக் என்று கொள்க என அறிவுறுத்தினார். அதன்படியே பெயர் மாறியது. இன்றளவும் அப்பழம் பெயர் நினைவில் உள்ளது.

சொற்பொருள் ஆய்வில் ஈடுபடும் நமக்கு இது சுவையான செய்தி. முன்னைய சொல் அக்கால ஆங்கில வழக்கில் செல்வர் பொழுதுபோக்கைக் குறித்தது. பின்னையது உடற்பயிற்சியைக் குறித்தது. பேராசிரியர் ஒருவரின் சொல்லாராய்ச்சியால் ஒரு கழகம் தன் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொண்டது.

நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கழகம் ஒழுங்கான உடற்பயிற்சியை மேற்கொண்டது. 1905-இல் சின்சுராவில் நடைபெற்ற கிளாட்ஸ்டன் கோப்பைப் போட்டியில், அவ்வாண்டின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற டல்ஹௌசி அணியை 6-1 என்னும் கணக்கில் தோற்கடித்தது. 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. ஆகவே 1911-ஆம் ஆண்டு வெற்றி வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. படிப்படியாக ஏறி அடைந்தது.

இக்கால எல்லைக்குள் மாணவர் வாழ்விற் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. 1905 அக்டோபர் 16-ஆம் நாள் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. சுதேசி இயக்கத்தில் மாணவர் திரளாக ஈடுபட்டனர். அதே மாதத்தில் வெளிவந்த கார்லைல் சுற்றறிக்கை, மாணவரை அரசியலினின்று தடுக்காத கல்வி நிலையங்களின் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தது. பொதுக்கூட்டமும் ஊர்வலமும் மாணவர்க்கு மறுக்கப்பட்டன. ஆடுகளம் ஒன்றே மறுக்கப்படாத பொது இடமாக எஞ்சியது. அங்கு இந்தியர் ஐரோப்பியரைச் சமமான விதியின்கீழ், நடுவர் முன்னிலையில் எதிர்நின்று மோதலாம். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆட்சியாளர் தாமே நல்லொழுக்கத்தின் பொருட்டு ஊக்குவித்த ஆட்டமாதலின், அதனை அவர்களால் ஐயுறவும் இயலவில்லை.

1911: இருபது நாள்

1911-ஆம் ஆண்டின் நடுப்பகுதி நாடெங்கும் இறுக்கம் நிறைந்த காலம். வங்கப் பிரிவினை இன்னும் நீங்கவில்லை. தமிழகத்தில் வ.உ. சிதம்பரனார் சிறையில் இருந்தார். ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். அடுத்த மாதம் கல்கத்தாவில் கேடயப் போட்டி தொடங்கியது.

ஜூலை 10-ஆம் நாள் முதற் சுற்று ஆட்டம். மோகன் பாகன் எதிர்கொண்டது புனித சவேரியார் கல்லூரி அணி. 1860-இல் இயேசு சபையார் நிறுவிய அக்கல்லூரி, ஆட்டத்தில் நல்ல பெயர் பெற்றது. மோகன் பாகன் 3-0 எனக் வென்றது. தோற்றவர் வெளியேறும் முறையாதலின், கல்லூரி அணியின் கேடயப் பயணம் அம்மாலையோடு முடிந்தது. இம்முதல் ஆட்டத்தைக் கால்பந்து வரலாறுகள் விரைந்து கடந்து செல்கின்றன. கல்லூரி வரலாற்றை ஆராய்வார்க்கோ இதுவே பொருள் பொதிந்த ஆட்டம். கல்லூரியிற் கற்ற கலையைப் பொது மன்றத்திற்குக் கொண்டு வந்தவர்கள், அக்கலையின் தாயகமான கல்லூரியை முதலில் வென்று மேற்சென்றனர். அன்றுமுதல் இந்தியக் கால்பந்தின் நடுவிடம் கல்லூரியினின்று கழகத்திற்கு மாறியது எனலாம்.

ஜூலை 14-இல் ரேஞ்சர்ஸ் அணியை 2-1 எனவும், 19-இல் ரைபிள் பிரிகேட் அணியை 1-0 எனவும் மோகன் பாகன் வென்றது. 24-இல் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு நிகழ்ந்த அரையிறுதி 1-1 எனச் சமமாயிற்று. 26-இல் மீண்டும் ஆடி 3-0 என வென்றது. 29-இல் இறுதி ஆட்டம். முதற் பாதியில் எவரும் கோல் இடவில்லை. பிற்பாதியில் கிழக்கு யார்க்ஷயர் அணியின் ஜாக்சன் தனியுதை ஒன்றால் முதற் கோல் இட்டார். சிறிது நேரத்தில் மோகன் பாகன் தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்களே இருந்தபோது, சிவதாஸ் தந்த பந்தை அபிலாஷ் கோஷ் கோலாக்கினார். 2-1 என ஆட்டம் முடிந்தது.

தொகுத்து நோக்கின், இருபது நாள் எல்லைக்குள் ஆறு ஆட்டங்கள், அடித்த கோல் 12, விட்டுக்கொடுத்தது 3. இறுதி ஆட்டம் காண எண்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் மைதானத்தில் திரண்டதாக அக்காலச் செய்திகள் கூறின. வெளியூர்களிலிருந்து சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. களத்தை நெருங்க இயலாதவர்க்கு, காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனர்.

அணியினர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. சிவதாஸ் பாதுரி கால்நடை மருத்துவத் துறையைச் சார்ந்தவர். அவர் தமையனார் விஜயதாஸ் பாதுரியும் முன்வரிசையில் ஆடினார். சுதீர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், கிறித்தவத் திருப்பணியாளர். வெற்றிக் கோல் இட்ட அபிலாஷ் கோஷ், அன்று ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி என வழங்கிய கல்லூரியின் மாணவர். ஏனையோருள் அரசு அலுவலக எழுத்தரும் வங்கி எழுத்தரும் இருந்தனர். மாணவர், ஆசிரியர், எழுத்தர் என்னும் மூவகையாரும் ஆங்கிலக் கல்வியின் விளைவுகளே. பகலில் மேலதிகாரியின் மேசைமுன் நின்றவர் மாலையில் அவ்வினத்தாரின் படை அணியை எதிர்நின்றார். இம்முரண்பாடே மக்கள் உள்ளத்தைத் தொட்டது.

வெறுங்கால் என்னும் விளக்கம்

மோகன் பாகன் அணியிற் சுதீர் சட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்து ஆடினார். ஏனைய பதின்மரும் வெறுங்காலர். இரும்பாணி அறைந்த காலணியை வெறுங்கால் வென்றது என்று அன்று எழுந்த வியப்பு இன்றுவரை ஓயவில்லை. இவ்வியப்பு உணர்ச்சிக்கு ஏற்றது, ஆராய்ச்சிக்குப் போதாது.

வெறுங்கால் காய்ந்த தரையில் விரைவுக்கு உதவும். பந்தைக் கட்டுப்படுத்தவும் துணை செய்யும். மழை பெய்து களம் சேறானபோது அதுவே இடையூறு ஆகும். யாம் வாழும் நெம்மேலிக் கடற்கரையில் மாலைதோறும் இளைஞர் வெறுங்காலோடு பந்தாடுவதைக் காண்கிறோம். அலை நனைத்து இறுகிய மணலில் அவர்கள் கால் விரைகிறது. அதற்கு அப்பாலுள்ள பொதிமணலில் அதே கால் தடுமாறுகிறது. தரைக்கேற்பவே காலின் வலிமை. வெறுங்காலே வெற்றிக்கு உரிய காரணமாயின், மழைக்காலம் முழுதும் நடைபெறும் பருவத்தில் இந்திய அணிகள் ஆண்டுதோறும் ஏற்றத்தாழ்வின்றி வென்றிருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு இல்லை. மோகன் பாகன் மீண்டும் அக்கேடயத்தை வென்றது 1947-ஆம் ஆண்டிலேயே.

1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சிடம் 1-2 எனத் தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பின்னரே காலணி அணிதல் பொது விதியாயிற்று. வெறுங்காலைப் பெருமையின் அடையாளமாக்கியது, பயிற்சி முறையிற் கருத்துச் செலுத்த வேண்டிய காலத்தை நீட்டித்தது என்று கூறுதல் மிகையாகாது.

அவ்வெற்றிக்குக் காரணமாக அமைந்தவை மூன்று என்பது எம் முடிபு. ஒன்று, விதியறிவு, எதிரியின் விதியை எதிரியினும் நன்கு கற்றமை. இரண்டு, காலவொழுங்கு, ஆண்டு முழுதும் பயின்று இருபது நாளில் ஆறு ஆட்டம் ஆடும் உடலுரம் பெற்றமை. மூன்று, கூட்டுறவு, குலமும் தொழிலும் வேறாகிய பதினொருவர் ஒருவர் பந்தை மற்றவர்க்கு ஈந்து ஆடியமை. இறுதிக் கோலே இதற்குச் சான்று. அணித் தலைவர் தாமே முயலாது மாணவர்க்குப் பந்தைத் தந்தார். முதலிரண்டையும் கல்லூரி கற்பித்தது. மூன்றாவதைக் கல்லூரி தொடங்கி வைத்தது. மணிதாஸ் போன்றோர்க்கு வாயில் திறந்த கழகங்களே நிறைவு செய்தன.

வெற்றியின் எல்லை

1911 டிசம்பர் 12-ஆம் நாள் தில்லிப் பேரவையில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரும் தில்லிக்கு மாறியது. கேடய வெற்றியே இதற்குக் காரணம் என்னும் கருத்துப் பின்னாளில் மக்களிடையே வழங்கியது. இது பொருந்தாது. பிரிவினையை மாற்றலாம் என்னும் குறிப்பை ஆட்சிக்குழு உறுப்பினர் ஜான் ஜென்கின்ஸ் ஜூன் மாதத்திலேயே அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சுக்கு எழுதிவிட்டார். ஆட்டக்களத்தையும் ஆட்சிக்களத்தையும் காரண காரியமாகப் பிணைப்பது வரலாற்று நெறியன்று.

வென்ற அணிக்கு ஆட்சியாளரின் விளையாட்டு உலகம் உடனே கதவு திறக்கவும் இல்லை. கல்கத்தாக் கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. கேடயத்தை வென்ற பின்னும் மோகன் பாகன் அதன் இரண்டாம் பிரிவிற் சேர்ந்தது 1914-இல். முதற் பிரிவை எய்தியது 1915-இல். மோகன் பாகனை அடுத்துக் கேடயத்தை வென்ற இந்தியக் கழகம் முகமதன் ஸ்போர்ட்டிங், ஆண்டு 1936. இடையே கால் நூற்றாண்டு கடந்தது.

மேலும், ஆங்கிலேயருட் பலர் இவ்வெற்றியைப் பாராட்டவே செய்தனர். தாம் கற்பித்த ஆட்டத்தைத் தம் மாணவர் நன்கு கற்றனர் என்னும் மனநிறைவு அப்பாராட்டிற் கலந்திருந்தது. ஒரே வெற்றியை ஆளப்பட்டோர் விடுதலையின் முற்குறியாகவும், ஆண்டோர் தம் கல்வியின் பயனாகவும் கொண்டனர். இருதிறத்தார் கொள்கையிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆட்டம் அவர்கள் தந்ததே. அதனை எதன் பொருட்டு ஆடுவது என்னும் முடிவு மட்டும் நம்மவர் கையில் இருந்தது. 1911-இன் சிறப்பு அம்முடிவிலேயே உள்ளது.

தமிழகத் தொடர்பு

வங்காளத்து நிகழ்ச்சி நமக்கு அயலது என்று ஒதுக்குதற்கில்லை. கால்பந்தையும் இளைஞர் எழுச்சியையும் இணைத்துக் கூறிய புகழ் பெற்ற உரை நிகழ்ந்த இடம் சென்னை. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவில், கீதையைப் பயில்வதினும் கால்பந்து ஆடுவதால் இளைஞர் விண்ணுலகை விரைந்து நெருங்கலாம் என்னும் கருத்துப்பட மொழிந்தார். உடலுரம் இன்றி உயர் நூலின் பொருள் விளங்காது என்பதே அதன் உட்பொருள். அவர் பட்டம் பெற்றது கல்கத்தாவின் ஜெனரல் அசெம்பிளி கல்லூரியில். 1908-இல் ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி எனப் பெயர் மாறியது அக்கல்லூரியே. அபிலாஷ் கோஷ் பயின்றதும் அங்கேதான்.

அக்கல்லூரியை 1830-இல் நிறுவிய அலெக்சாந்தர் டஃபின் அடிச்சுவட்டைப் பின்பற்றியே, 1837-இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஸ்காத்துலாந்துத் திருச்சபையாரின் அப்பணி காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் கிளைப் பள்ளிகளாகப் பரவியது. சென்னைப் பள்ளி வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆயிற்று. அக்கல்லூரி 1937-இல் நகர நெரிசலை நீங்கி, அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்த அவ்வளாகத்தில் விடுதிகளும் ஆடுகளங்களும் இடம்பெற்றன. ஆடுகளம் கல்லூரியின் ஓர் உறுப்பு என்னும் கொள்கை அங்கே நிலவடிவம் பெற்றது.

உடற்கல்வியை ஒரு துறையாக்கிய முயற்சியும் இம்மாவட்டத்தோடு தொடர்புடையது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அது பின்னர்ச் சைதாப்பேட்டையை அடைந்தது. சைதாப்பேட்டை பிரிட்டிஷார் காலத்தில் நெடுநாள் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியரின் இருக்கையாக விளங்கிய ஊர். ஆசிரியர் ஒருவர் தம் விருப்பத்தால் மாணவர்க்குப் பந்து தந்த ஸ்டாக் காலம் போய், ஆட்டத்தைக் கற்பிப்பதற்கென்றே ஆசிரியரைப் பயிற்றும் காலம் வந்தது. சென்னைக் கால்பந்துச் சங்கம் 1934-இல் அமைந்தது. கல்லூரியிலிருந்து கழகத்திற்கும், கழகத்திலிருந்து சங்கத்திற்கும் செல்லும் அதே வரிசையைச் சிறிது காலம் தாழ்த்துத் தமிழகத்திலும் காண்கிறோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, 1911-ஆம் ஆண்டு வெற்றியின் வேர் கல்லூரி ஆடுகளத்தில் உள்ளது. வெறுங்கால் அதன் அடையாளமே அன்றிக் காரணம் அன்று. இரண்டாவது, கல்லூரி தந்த விதியும் காலவொழுங்கும், குலவேலியைக் கடந்து வெளிவந்த பின்னரே முழுப்பயன் தந்தன. மூன்றாவது, அவ்வெற்றி ஆட்சியை மாற்றவில்லை. ஆளப்பட்டோர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பை மாற்றியது.

இவற்றால் ஆய்வாளர்க்கு ஒரு கடமை ஏற்படுகிறது. தமிழகத்தின் பழமையான கல்லூரிகள் பலவற்றில் ஆண்டு மலர்களும், விளையாட்டுக் கணக்கேடுகளும், அணிகளின் நிழற்படங்களும் உள்ளன. அப்படங்களில் பந்தை நடுவில் வைத்து அமர்ந்திருக்கும் இளைஞர் யாவர், எவ்வூரினர், எக்குடியினர், பின்னர் என் ஆயினர் என்று வினவி எழுதப்பட்ட வரலாறுகள் மிகச் சில. தாள் மட்கி எழுத்து மறையுமுன் அவற்றைத் திரட்டுதல் வேண்டும். எவர் ஆடினர் என்பதோடு எவர் ஆட விடப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதும்போதே கல்லூரி வரலாறு நிறைவு பெறும்.